சனம் கதைக்கும்

நேற்று பாரிசில், ரூ பெர்தொனே தெருவில் பூமாலைக் கடையைக் கடக்கும்போது மல்லிகை மணத்தோடு தயாபரனும் எதிர்ப்பட்டான். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாளாம், சாமத்தியச் சடங்காம். "மாமி முறைக்கு அக்கா வந்து நிக்கவேணும். நீங்கள் சொன்னால் கேப்பா, அண்ணை." எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவனுடைய கல்யாண நாளும் இப்படித்தான் மணத்தது.

அக்கா என்றால் ராசமலர் அக்கா, தயாபரனின் கூடப்பிறந்தவர், பிள்ளைக்குத் தகப்பன் வழி மாமி; எங்கள் ஊர். அடித்து உதைத்த கணவனை விட்டுவிட்டுத் தனியே பாரிசுக்கு வந்தவர். விடியவே அலுவலகங்களைத் துப்புரவாக்கி, பின்னேரம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு உணவகத்தில் சமைத்து, தம்பி தயாபரனை இங்கே கூப்பிட்டார். பாரிசின் புறநகரான ஸ்தேனில் இருந்த அவருடைய சின்ன வீட்டில் நானும் ஒட்டிக்கொண்டேன். உணவகத்தில் கோப்பை கழுவிய நான், அன்றன்று உடைத்ததைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிறகு தயாபரனின் கல்யாணம் வந்தது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நிற்பது எங்கள் வழக்கம். அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக அக்கா மணவறையில் ஏறினார். பெண்ணின் பெரியப்பா மறித்தார்.

"புருஷனை விட்டிட்டு வந்தவ ஏறக்கூடாது. பின்னுக்கு இருக்கட்டும்."

தயாபரன் தலைப்பாகையைச் சரிசெய்தபடி, "அக்கா, இண்டைக்கு மட்டும். சனம் கதைக்கும்," என்றான்.

"உன்னை இஞ்சை கூப்பிட்டது நான். சனம் இல்லை."

சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார். அவர் குரல் உயரவில்லை, எனக்குத்தான் உயர்ந்தது. "அடிச்சவன் வந்திருந்தா முன்வரிசையிலை இருத்தியிருப்பியள், என்ன?" என்று பெரியப்பாவிடம் கத்திவிட்டு, அக்காவின் பின்னால் நானும் வெளியேறினேன். சாப்பிடாமல் வந்த வீரனுக்கு மெத்ரோ ரயிலில் வயிறு இரைந்தது வேறு கதை.

அடுத்த வருஷமே அக்கா இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஆடு மேயும் ஒரு கிராமத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. "இதுகும் ஊர்தான் தம்பி. புல்லு வெட்டேல்லை எண்டு பக்கத்து வீட்டு மனுசி கதைக்கும். ஆனா என்னை ஒரு படியாலையும் இறக்கேல்லை," என்பார்.

நேற்று தயாபரனை நிறுத்திவைத்தே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை நல்லா இருக்கட்டும். மாமிக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லு."

சொன்னேன். "ஒரே ரத்தமெல்லோ, அண்ணை," என்று முகம் வாடினான். ரத்தமாம்! தேவைப்படும்போது மட்டும் ஓடும் ரத்தம்.

ஸ்தேனில் அக்காவின் வீடிருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இன்னொரு புறநகரான கூசேன்வில்லில் தயாபரன் பெரிய வீடு வாங்கியிருக்கிறான். ஞாயிறு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோறு கேட்க, எனக்கு இந்தப் பாரிசில் இப்போது ஒரு வீடும் இல்லை.