மாமாவின் டிவி கேமும் என் முதல் பாடும்

எங்கள் குப்பத்து ஆண்கள் தங்களைச் சண்டைக்குப் பேர்போனவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இரண்டு படகு தூரத்தில் நடந்தவை. இவர் இந்தப் படகில் எழுந்து நின்று லுங்கியை மடித்துக் கட்டுவார். அவர் அந்தப் படகில் துடுப்பைத் தூக்கிக் காட்டுவார். ஒருவர் வம்சத்தை ஒருவர் வாய் கிழிய ஏசுவார்கள். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் ஒரு முழம்கூடக் குறையாதபடி இருவருமே கழியை ஊன்றிக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். கரைக்கு வந்ததும், "நான் மட்டும் கிட்ட போயிருந்தா..." என்று ஆளுக்கொரு கதை. கிட்டப் போன ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட வீரர்களுக்கு நடுவே, எண்பதுகளின் நடுவில், ஒரு குத்துச்சண்டை வந்து இறங்கியது. கொண்டு வந்தவர் என் அக்கா புருஷன்.

மாமா சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஆள். தன் ஊர் வலையையும் படகையும் அண்ணனிடம் விட்டுவிட்டு, அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் குப்பத்திலேயே வீடு போட்டுக்கொண்டவர். வாரம் முழுக்க மெட்ராஸில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூக்கைச் சுருக்கி, "இன்னா நாத்தம்டா உங்க ஊர்ல" என்பார். இருபது வயது வரை தானும் அதே நாற்றத்தில் புரண்டவர் என்பது அவருக்குச் சௌகரியமாக மறந்துபோயிருந்தது.

ஒரு சனிக்கிழமை மடியில் அட்டைப்பெட்டியோடு வந்தார். பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம். வழியில் திருப்பாலைவனத்தில் பஸ்ஸில் கூட்டம் ஏறியபோது பெட்டியின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டதாக அவரே பெருமையாகச் சொன்னார். தன் பிள்ளையைக்கூட அந்த மனிதர் அப்படி அணைத்ததில்லை.

அக்கா வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. அதில் பெட்டியை மாட்டினார். திரையில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் இரண்டு பேர். ஒருவன் வெள்ளை, ஒருவன் கறுப்பு. மேலே இருந்து பார்க்கிற மாதிரி படம் போட்டிருந்ததால், இரண்டு பக்கமும் கொடுக்கை நீட்டிய நண்டு போல இருந்தார்கள். ஆளுக்கொரு குச்சி. குச்சியைத் திருப்பினால் நகர்வான், பட்டனை அமுக்கினால் குத்துவான். எட்ட நின்று கை நுனி பட்டால் ஒரு பாயிண்ட், ஒட்டி நின்று முகத்தில் வைத்தால் இரண்டு. இரண்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

மாமா எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். "இந்தப் பக்கம் வெள்ளை, உன்னுது. அந்தப் பக்கம் கறுப்பு, என்னுது. புரியுதா?"

எங்களுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அங்கேதான் வினை.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. பாடு என்றால் முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரும் இடங்களைப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு என்றால், அன்றைக்கு அந்தத் தண்ணீரில் வேறு எவன் வலையும் இறங்கக் கூடாது. தண்ணீரில் எல்லை எதுவும் வரைந்திருக்காது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று குப்பத்தில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். அடுத்தவன் பாட்டில் கால் வைப்பதைவிடக் கேவலம் எங்களிடையே கிடையாது.

ஆக, இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் என்னுது என்று மாமா சொன்னதும், திரையின் நடுவே எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் ஒரு கோடு தெரிந்துவிட்டது. யாரும் அதைத் தாண்டவில்லை. வெள்ளை தன் பக்கத்தில் நின்றபடி காற்றைக் குத்தினான். கறுப்பு தன் பக்கத்தில் நின்றபடி காற்றைக் குத்தினான். கை தவறிக் குச்சி கொஞ்சம் சாய்ந்துவிட்டால், பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "டேய், அடுத்தவன் பாட்டுக்குப் போறடா!" என்று கூச்சல் போட்டார்கள். ஆடியவனும் குற்றவாளி மாதிரி பின்வாங்கினான். குச்சியைப் பிடிக்க வேறு சீட்டுக் குலுக்கினோம். இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடியது. கோட்டோரம் கை நுனி பட்டுச் சேர்ந்த பாயிண்ட்தான், பெரிய குத்துச்சண்டை என்றால் பன்னிரண்டுக்கு ஒன்பது. எங்கள் ஏரிச் சண்டையைப் பர்மா பஜார்காரன் வேவு பார்த்துப் பெட்டியில் அடைத்து விற்றானோ என்று இப்போது தோன்றுகிறது. கூத்து என்னவென்றால், கொண்டுவந்த மாமாவுக்கும் வேறு விதம் தெரியாது. எவ்வளவு மெட்ராஸ் சோறு தின்றாலும் அவரும் ஏரிக்காரர்தானே.

அந்த வருஷம் தையில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆனால்தான் குப்பத்தில் நீ ஒரு தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கும் தனிக் குடும்பம், அப்போதுதான் உன் பேரில் பாடு. என் முதல் பாடு, இறால் பொங்கும் நாளில், முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமாவுக்கு எங்கள் குப்பத்தில் பாடு கிடையாது, அவர் வெளியூர்க்காரர். அவர் எதிரில் இரண்டு தடவை கூடுதலாகவே சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் என்னைப் பதினொன்றுக்கு எட்டு என்று ஜெயித்தார். பின்கட்டில் கை கழுவும்போது குரலைத் தாழ்த்தி, "மச்சான், நீ அவ்ளோ பெரிய ஆம்பளையா? அடுத்த வாரம் ஆடலாம் வா. தோத்தீனா உன் மொதப் பாடு எனக்கு. ஒடம்பு சரியில்லனு சொல்லிட்டு வலையை என் கையில குட்த்துடு" என்றார்.

"நீ தோத்தா?"

"பெட்டி உனுக்கு."

பாட்டை விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. பந்தயம் வைத்தான் என்று பஞ்சாயத்துக்குத் தெரிந்தால் தலைக்கட்டிலிருந்து பேரையே அடித்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். அப்போது என்னைவிடப் பெரிய முட்டாள் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை பழகிப் பார்க்க அக்கா வீட்டுக்குப் போனேன். எதிரே ஆட ஆள் இல்லை. நான் தனியாகக் காற்றைக் குத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்த அக்கா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கறுப்பின் குச்சியை எடுத்தாள். ஆட்டம் ஆரம்பித்த நொடியில் நேராக வந்து என் வெள்ளையின் முகத்தில் குத்தினாள். நான் பதறிப்போனேன்.

"அக்கா, கோட்டைத் தாண்டுற!"

"எந்தக் கோடு?"

"நடுவுல. இது என் பக்கம்."

அவள் குத்துவதை நிறுத்தவில்லை. "பொம்பளைக்கு எந்தத் தண்ணில பாடு குட்த்தீங்க, நான் கோட்டைப் பாத்து நிக்க?" என்றாள்.

அறுபத்திரண்டுக்கு மூன்று என்று தோற்றேன். கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. கோடு இல்லை என்பது மட்டும் புரிந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு குப்பத்து ஆண்கள் அத்தனை பேராலும் முடியவில்லை, அடுப்படியில் இருந்தவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை வரை தினமும் போய் அடி வாங்கினேன். அவள் எதையும் சொல்லித் தரவில்லை, அடித்தாள், அவ்வளவுதான். வாங்கிய அடியில் நானாகக் கற்றுக்கொண்டேன். நேருக்கு நேர் போனால் இரண்டு பேர் கையும் முட்டிக்கொள்ளும், கொஞ்சம் மேலேயோ கீழேயோ சாய்ந்து போக வேண்டும். பட்டனைப் பைத்தியம் மாதிரி அமுக்கினால் கை நீட்டியபடியே மாட்டிக்கொள்ளும். அடி விழுந்ததும் பின்னால் ஓடத்தான் விரல் துடிக்கும். ஓடினால் கயிற்றில் போய் ஒட்டிக்கொள்வோம், அங்கே வைத்து அவள் மூக்கை உடைத்துவிடுவாள். அடி பட்ட இடத்திலேயே நின்று அரை அடி முன்னால் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வியாழக்கிழமை அது கை வந்தது. வெள்ளிக்கிழமை அவளை ஒரு தடவை ஜெயித்தேன். "சோறு வெந்துடுச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். பந்தயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமா வழக்கம்போலத் தன் பக்கத்தில் நின்று ஸ்டைலாகக் காற்றைக் குத்தினார். நான் குறுக்காகப் போய் அவர் கறுப்பை ஒட்டி நின்று முகத்தில் குத்தினேன். கூட்டம் கத்தியது. "பாட்டுக்குள்ள பூந்துட்டான்!" மாமா குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னாடா கலாட்டா இது? அது என் பக்கம்!"

நான் எழுந்து போய் டிவி திரையை உள்ளங்கையால் மேலிருந்து கீழே துடைத்தேன். "கோடு எங்க கீது மாமா? காட்டு பாப்போம்."

யாராலும் காட்ட முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஆடச் சொன்னார்கள். எழுபத்தொன்றுக்கு ஆறு. பெட்டி யாருக்கும் தெரியாமல் இரவோடிரவாக என் வீட்டுக்கு வந்தது. என் வீட்டில் டிவி கிடையாது என்பது பெட்டியைப் பரணில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பரவாயில்லை, பாடு தப்பித்ததே என்று இருந்தேன்.

பாட்டு நாளும் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நீர் வற்றும் நேரம் விடியற்காலையில். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறாலும் கூடவே இறங்கும், அதை மறித்து வலை கட்ட வேண்டும். கழியும் வலையுமாகப் போனேன். எனக்கு முன்னால், ஏரிப் பக்கம், என் பாட்டின் நட்டநடுவில் ஒரு வலை கட்டியிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக்குளத்துப் படகு. அதில் மாமாவும் அவர் அண்ணனும்.

"மாமா! இது என் பாடு!" என்று கத்தினேன்.

மாமா குனிந்து, உள்ளங்கையால் தண்ணீரை மெதுவாகத் துடைத்தார். "கோடு எங்க கீது மச்சான்? காட்டு பாப்போம்."

நான் லுங்கியை மடித்துக் கட்டினேன். துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் வம்சத்தை ஏசினேன். பஞ்சாயத்தில் சொல்வேன் என்றேன். "சொல்லு, பந்தயத்தையும் சேத்து சொல்லு" என்றார். இறால் முழுக்க அவர் வலையில் விழுந்தது. என் வலையில் நாலு நண்டும் ஒரு கை பாசியும் வந்தன.

கரைக்கு வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று கத்தினேன். வலை, துடைத்த கை, எல்லாவற்றையும் அங்கிருந்தே சொன்னேன், பந்தயத்தை மட்டும் குரலைத் தாழ்த்தி. வாசலில் உட்கார்ந்து அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என் இறால்.

"அவன் கையை ஒடச்சிருப்பேன் நான்!" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு நாள் என்கிட்ட அடி வாங்கினியேடா. கிட்ட போனியா?"

மடித்துக் கட்டியிருந்த லுங்கியை நான் இறக்கிவிட்டேன்.

"எவ்ளோ தூரத்துல நின்ன?"

"ரெண்டு படகு தூரம்."

அவள் மறுபடி குனிந்து உரிக்க ஆரம்பித்தாள். "எறா வேணும்னா வேலியைத் தாண்டி உள்ள வந்து எடுத்துகினு போ" என்றாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.