கழற்றிய மஞ்சள் அட்டைகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், பொறியியலாளர் ஐயா. வவுனியாவில் அந்த மண்டப மேடையில் நின்று, மாணவர்கள் முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள். செத்துப்போன ஒரு மனிதனை வைத்துப் பகிடியும் விட்டீர்கள்.

நான் பேச்சாளன் இல்லை. பரந்தனில் நீரிறைக்கும் இயந்திரம் திருத்துகிறவன். ஆனால் அந்த மஞ்சள் அட்டையை எனக்குத் தெரியும். உள்ளங்கை அளவு இருக்கும். மூலையில் ஓர் ஓட்டை, அதில் மெல்லிய கம்பி. வளைகுடா நாடொன்றில் எரிவாயு எடுக்கும் இடத்தில் நானும், நீங்கள் பகிடி விட்ட அந்த அண்ணையும் வேலை செய்தபோது எங்கள் பைகளில் இந்த அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. குழாய் மூட்டுகளிலும் வால்வுகளிலும் வாயு கசிகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கசிந்தால் மீற்றர் காட்டும் அளவை அட்டையில் எழுதி அந்த இடத்திலேயே கட்டிவிட்டு வரவேண்டும். திருத்துகிறவர்கள் வந்து திருத்துவார்கள். பிறகு நாங்கள் திரும்பப் போய் அளந்து, கசிவு நின்றிருந்தால் கையெழுத்து வைத்து அட்டையைக் கழற்றுவோம். எரியாமல் வெளியே போகும் வாயு, எரிந்த புகையைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். அதை எங்களுக்கு முதல் நாள் வகுப்பில் சொல்லித் தந்தவரே நீங்கள்தான்.

அண்ணை செட்டிகுளத்துக்காரர். எனக்குச் சொந்தமில்லை. என்னைவிட இரண்டு வயது மூப்பு, விடுதியில் ஒரே அறை, அவ்வளவுதான். அவர் மீற்றரை மட்டும் நம்பமாட்டார். சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எப்போதும் கொண்டு திரிவார். மூட்டில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பார். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் புது சைக்கிள் ரியூப் வராது. ஒட்டின ரியூப்பையே திரும்பத் திரும்பத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை பிடித்துப் பழகிய கை அது. “இஞ்ச பார் ஐசே, என்ர பழைய சைக்கிள் ரியூப் இதைவிடத் திறம்,” என்பார். தூரத்தில், வேண்டாத வாயுவைக் கொளுத்திவிடும் உயரக் குழாயின் நுனியில் பகல் வெயிலிலும் தீ நிற்கும். அதைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பகிடி வராது. “நாங்கள் ஜாம் போத்தில் விளக்குக்குள்ள நாலு சொட்டு மண்ணெண்ணை விட்டுப் படிச்சனாங்கள். இவங்கள் வானத்துக்குக் கொளுத்திறாங்கள்.”

வெளியிலிருந்து சரிபார்க்கிறவர்கள் வருவதற்கு முந்திய கிழமை எங்கள் இருவரையும் உங்கள் அறைக்குக் கூப்பிட்டீர்கள். “தொங்கிற அட்டை எல்லாத்தையும் கழட்டுங்கோ. திருத்தியாச்சு எண்டு தாளில கையெழுத்து வையுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்,” என்றீர்கள். அட்டை இல்லையென்றால் கசிவு இல்லை. கசிவு இல்லையென்றால் கம்பனி பூமியைக் காப்பாற்றிவிட்டது. அவ்வளவு லேசு.

“திரும்ப அளக்காமல் நான் வைக்கமாட்டன் சேர்,” என்றார் அண்ணை.

“கையெழுத்துத்தானே ஐசே கேட்டனான். காணியை எழுதித் தரச் சொல்லேல்லையே,” என்று சிரித்தீர்கள்.

அவருக்கு அது வெறும் கையெழுத்து இல்லை. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது சிங்களத்தில் எழுதிய தாளொன்றை அவரிடம் நீட்டியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாது. பின்னால் நீள வரிசை. வைத்துவிட்டார். தன் உழவு இயந்திரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்ததாம். அந்த இயந்திரத்தை அதன்பின் அவர் கண்ணால் காணவில்லை. அன்றிலிருந்து தான் பார்க்காத எதற்கும் அவர் பேனை எடுப்பதில்லை. விடுதியில் தோய்த்த உடுப்பு வந்தால்கூட ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். பின்னால் நிற்கிற நாங்கள், “அண்ணை, சட்டைத் தெறியையும் எண்ணுங்கோ,” என்று நக்கலடிப்போம்.

நான் வைத்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வந்திருக்கிறேன். இரண்டு நாள் நடந்து, அண்ணை கட்டிய அட்டைகளையும் சேர்த்து ஒரு சாக்கு நிறையக் கழற்றினேன். ஒரு வால்வில் கம்பியை முறுக்கி எடுக்கும்போது உஸ் என்ற சத்தம் காதுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். அறைக்குத் திரும்பியதும் அவர், “எல்லாத்தையுமோ?” என்று கேட்டார். “ஓம்,” என்றேன். அன்று சமையல் முறை அவருடையது. எனக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்தார்.

பிறகு என் தாளை வைத்தே அவரை வேலையிலிருந்து வெட்டினீர்கள். நான் கசிவு இல்லையென்று எழுதிய இடங்களில் அவர் கசிவு என்று எழுதியிருக்கிறாராம். பொய் அளவுகளை எழுதிப் பீதி கிளப்பியவர் என்று கடிதம் கொடுத்து விமானம் ஏற்றினீர்கள். அந்தக் கடிதத்தோடு எந்த முகவரும் அவரைத் திரும்ப வெளிநாட்டு வேலைக்கு அனுப்பவில்லை. செட்டிகுளத்தில் வயலைப் பார்த்தார். மாரி மழை பிந்தியது. வந்த வருடம் வெள்ளமாக வந்து வயலை அள்ளிக்கொண்டு போனது. எந்தக் குழாயின் கசிவு எந்த வயலைக் கெடுத்தது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் வாயு கம்பனி வேலிக்குள் நிற்பதில்லை, அதுவும் நீங்கள் சொல்லித் தந்ததுதான். கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போன வருடம் செத்துப்போனார். அவரை விமானம் ஏற்றிய பிறகும் நான் அங்கே மூன்று வருடம் வேலை செய்தேன். ஊருக்கு வந்தபின் அவரை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டு தரமும் வெள்ளாமையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் அவருடைய மகள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். படிக்கிற பிள்ளை. உங்கள் பேச்சைக் கேட்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வாயுக் கசிவை எப்படி இல்லாமல் செய்தீர்கள் என்று படம் போட்டுக் காட்டினீர்களாம். நடுவில் ஒரு கதை சொன்னீர்களாம். “எங்கட செட்டிகுளத்து ஆளொருத்தர் அங்க இருந்தவர். சண்டைக்குள்ள வளந்த பயம், பாவம். எந்தக் குழாயைக் கண்டாலும் கசியுது எண்டுவார்.” மண்டபமே சிரித்ததாம்.

“நானும் சிரிச்சிட்டன் மாமா,” என்றாள். “பிறகுதான் விளங்கினது, ஆரைச் சொல்லுறார் எண்டு. அம்மா அந்தக் கடிதத்தை இன்னும் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறா. நீங்கள்தானே கூட இருந்தனீங்கள்? அப்பா பொய் எழுதினவரோ?”

இல்லை என்றேன். சாக்கையும் அட்டைகளையும் என் கையெழுத்தையும் சொன்னேன். குசினிக்குள் தாய் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? சிரிச்ச ஆக்களுக்கெல்லோ சொல்லோணும்.”

தேத்தண்ணி வரவில்லை.

அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன். அளக்காமல் கையெழுத்து வைத்தவன் நான். யார் கேட்டாலும் முன்னால் வந்து சொல்வேன். நீங்கள் எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம். ஆளனுப்பவும் வேண்டாம். மேடையில் சொன்னதற்கு மேடையில் பதில் சொல்லுங்கள். அந்த மூட்டுகளை யார் திருத்தினார்கள்? திருத்திய பிறகு யார் அளந்தார்கள்? அந்த மாணவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். அவளுடைய அப்பா எழுதிய அளவுகளில் எது பொய் என்று ஒன்றையாவது காட்டுங்கள்.