உயிரோடிருந்தவருக்கு நான் வாசித்த மரணச் செய்தி

வானொலியில் முப்பது வருடம் செய்தி வாசித்தவன் நான். போன வருடம் ஆலத்தியூர் அருகே நடந்த லாரி விபத்தில் காயமடைந்த ஒருவரை, இறந்துவிட்டார் என்று தவறாக வாசித்துவிட்டேன். அடுத்த செய்தியிலேயே திருத்தினேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. மன்னிப்புக் கேட்கத் திருமழபாடியில் அவர் வீட்டுக்கே போனேன்.

"அட, வாங்க சார்!" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்து வருசமா பேசாத என் தம்பி, நீங்க படிச்சதக் கேட்டுத்தான் அழுதுகிட்டே ஓடி வந்தான். இப்ப ஒண்ணாத்தான் சாப்புடுறோம்."

பதில் சொல்ல நான் வாய் திறந்ததும், அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நீங்க படிச்சதக் கேட்டதுலேர்ந்து, உங்க குரல் வந்தாலே அவ ரேடியோவ அணைச்சிடுறா."

மன்னிப்பைக் காகிதத்தில் எழுதி அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். தம்பி திரும்பியதற்கு மகிழ்வதா, அந்த அம்மாவுக்காக வருந்துவதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.