மாதிரிக்குக் கொடுத்த அட்டை

என்னிடம் ஒரே காமிக்ஸின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு அட்டை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. பார்க்கிறவர்கள், "ரெண்டு எதுக்கு, கிழிஞ்சதைத் தூக்கிப் போடலாமே" என்பார்கள். வாழ்நாளில் ஒரு புத்தகம் வாங்காதவர்கள்தான் இப்படி யோசனை சொல்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தூத்துக்குடியில் ஆறாம் வகுப்பு படித்தேன். அப்பா தோணியில் வேலை பார்த்தார். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் பாய்மரத் தோணி. திரும்பி வரும்போது அம்மாவுக்கு ஒரு சோப்பு, எனக்கு ஒரு பென்சில் என்று ஏதாவது சின்னதாக இருக்கும். ஒரு நடை பென்சிலுக்குப் பதில் ஆங்கிலக் காமிக்ஸ் ஒன்று கொண்டுவந்தார். கொழும்பில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது.

"எழுத்து கம்மியாத்தான் இருக்கு. படிச்சிருவேல்லா?" என்றார். அவருக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது.

எனக்கும் அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பச்சை அங்கியும் முகமூடியும் போட்ட ஒருவன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவினான். அவன் தாவுவதைவிட அவன் நிற்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. கூரை ஓரத்தில் ஒரு காலை முன்னே வைத்து, காற்று எந்தப் பக்கம் என்று அங்கியைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி வரைந்திருந்தார்கள். தோணிக்காரன் மகளுக்கு அது போதும். ஒரு கட்டத்தில் கையை ஓங்குவான், அடுத்த கட்டத்தில் எதிராளி விழுந்து கிடப்பான். அடி விழுந்த நேரம் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் இருந்தது. அந்த அடியை நான்தான் போட வேண்டியிருந்தது. என் புத்தகத்தில் பச்சை மை அவன் உருவத்தின் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கும். அவன் உடம்பிலிருந்து ஒளி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் கோபுரம் போன்ற ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறார்கள். பாதி தூரம் விழுந்திருக்கிறான். கீழே, தொடரும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அடுத்த பாகம் வேண்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்தேன். எழுத்து தெரியாத மனிதர் எப்படிக் கேட்டு வாங்குவார்? எங்கள் வீட்டில் எதையும் மாதிரி காட்டித்தான் வாங்குவோம். அம்மா ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, அதே நிறத்தில் நூல்கண்டு வாங்கிவர என்னை அனுப்புவாள். அப்பா பாய்க்கயிறு ஓடித் தேய்ந்த கப்பியைக் கையோடு கொண்டுபோய், அதே அளவில் புதுக்கப்பி வாங்குவார். நானும் அட்டையைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.

"நல்ல புஸ்தகத்தக் கிழிச்சிட்டியே ஏளா."

"மாதிரி இல்லாம எப்படிக் கேப்பீங்க?"

"அதுவுஞ் சரிதான்" என்று நாலாக மடித்து, தன் காகிதங்களோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொழும்பிலிருந்து எந்தத் தோணி முந்திப் புறப்படுகிறதோ, அதில் பிந்திப் புறப்படுகிறவர்களின் வீட்டுச் சாமான்களும் வந்துவிடும். அப்படி அப்பாவின் பொட்டலத்தோடு வேறொரு தோணியின் தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோணியை நடத்தும் தலைவரைத் தண்டல் என்போம். எனக்கு மாமா முறை.

"அவனுக்கு இன்னும் சரக்கு ஏத்தி முடியல. நாளக்கழிச்சு வந்துருவான். பிள்ளைக்கு இத முந்திக் குடுக்கச் சொன்னான்."

பிரித்தேன். அதே அட்டை. உள்ளேயும் அதே கதை. மாதிரி காட்டினால் அதே சாமான்தானே கிடைக்கும். இது எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.

"கிழிச்ச அட்ட அவங்கிட்டயே இருக்கட்டுமாம்" என்றார் மாமா. "அடுத்த நடைக்கும் காட்டிக் கேக்கணும்லா."

"இது ஏற்கெனவே இருக்க புஸ்தகம். இதக்கூடப் பாத்து வாங்கத் தெரியாதா அப்பாவுக்கு?" என்று அவர் முன்னாலேயே சொன்னேன்.

"ஏளா, வாய மூடு. அப்பா வரட்டும், அவங்ககிட்டயே கேளு" என்றாள் அம்மா.

கேட்கத்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடந்தபோதெல்லாம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். மறுநாள் காற்று பலத்தது. அப்பாவோடு புறப்பட்ட தோணிகளில் ஒன்று பாய் கிழிந்து வந்தது, இன்னொன்று பாம்பன் பக்கம் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. எங்கள் தோணி பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்தாம் நாள் தோணி முதலாளி வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றார். அதற்கப்புறம் யாரும் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை.

உடல் இல்லை, அதனால் அடக்கம் இல்லை. மாதா கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். அம்மா குசினியில் அடுப்புப் பக்கம் தரையில் கிடந்தாள். நான் அழவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லையே, பொழுது போக வேண்டுமே என்று புதிதாக வந்த பிரதியை எடுத்துப் படித்தேன். அத்தை பார்த்துவிட்டு, "கல்நெஞ்சுக்காரி" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அவள் மேல் கோபம்கூட வரவில்லை. துக்கத்தை அடக்கிக்கொண்டிருந்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அடக்குவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி பக்கங்களைப் புரட்டினேன்.

இந்தப் பிரதியில் பச்சை மை கோட்டுக்குள் சரியாக அடங்கியிருந்தது. ஒளி எதுவும் இல்லை. அவன் ஓர் ஆள் அளவுக்குத்தான் இருந்தான்.

கல்லூரியில் படிக்கச் சென்னைக்குப் போனபோது, ஒரு பழைய புத்தகக் கடையில், குவியலுக்கு அடியில் அந்த அடுத்த பாகம் கிடைத்தது. இப்போது ஆங்கிலம் எல்லாமே புரிந்தது. நின்றபடியே படித்தேன். முதல் கட்டத்திலேயே ஒரு கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறான். மூன்றாம் கட்டத்தில் வேடிக்கையாக ஏதோ பேசுகிறான். வரைந்த கை வேறு யாருடையதோ. அங்கி இருந்தது, அதில் காற்று இல்லை. மகிழ்ச்சியும் வரவில்லை, ஏமாற்றமும் வரவில்லை. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"வேணாமாம்மா? வேற என்ன தேடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

இதற்கு முந்தின பாகத்தின் அட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். நாலாக மடித்திருந்தாலும் பரவாயில்லை என்றேன்.