பதினொரு அக்காக்கள்

மாஸ்டரம்மா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். துணி வெட்டுகிறவர் ஆணாக இருந்தால் கட்டிங் மாஸ்டர். இவள் பெண்ணாகப் போனதால் பின்னால் ஒரு அம்மாவை ஒட்டவைத்துவிட்டார்கள். முதல் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் நீள மேசை, இரண்டு தையல் மெஷின், ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர். பேட்டர்னைக் காகிதத்தில் வரைவதை அவள் விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. ஆள் பருத்தாலும் இளைத்தாலும் அதே கோப்பைத் திறந்து, கோட்டை நகர்த்தி, பழையதன் மேலேயே சேமித்துவிடுவாள். பழைய அளவு எங்காவது கிடந்தால் அவசரத்தில் அதைப் பார்த்து நல்ல துணியை வெட்டித் தொலைத்துவிடுவோம் என்பது அவளுடைய பயம். ஒரு ஆளுக்கு ஒரு அளவு. இந்த விஷயத்தில் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மூன்று மாதத்துக்கு முன் கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ரிப்பேர்காரர் வந்து பார்த்து, இது எந்த நேரமும் கையை விரித்துவிடும் என்று சொல்லி, கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு டிரைவை வெளியே மாட்டினார். கூடவே நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தொண்ணூறு நாள் இலவசம் என்று போட்டுக் கொடுத்தார். முதல் நாள் அது எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்தது. அதன்பின் தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தானாக விழித்துக்கொண்டு, அன்றைக்கு மாறிய கோப்புகளை மட்டும் டிரைவில் எடுத்து வைக்கும்.

மாஸ்டரம்மா கண்ணயர்கிற நேரமும் அதுதான். மேசைக்கடியில் பாயை விரித்துப் படுத்தால் டிரைவ் மெல்ல முனகுவது கேட்கும். அரைத்தூக்கத்தில், அளவு மாறியவர்கள் மட்டும் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறி வருவார்கள். காலோசை இருக்காது. அறை நீளத்துக்கும் வெயில் நீர்போல் அசையும். அவர்கள் அதற்குள் நடந்துபோய், கொஞ்சம் குனிந்து, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்துவிடுவார்கள். அடிக்கடி வந்தது அவளுடைய அக்காதான்.

அக்கா நாலு வீடு தள்ளித் தனியாக இருப்பவள். வயிற்றில் ஆபரேஷன், அதன்பின் மாதக்கணக்கில் மருந்து. வலியைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். "ஐயோ, இப்படி இளைச்சுட்டீங்களே" என்று யாராவது சொன்னால் மட்டும் ஆகாது. துணி தொளதொளத்தால்தானே ஊருக்குத் தெரியும். அதனால் எட்டு நாளுக்கு ஒருதரம் எல்லா உடுப்புகளையும் பையில் அடைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"பிடிச்சுக் குடு. மிச்சத் துணியில உனக்கு ஒரு கைக்குட்டை தச்சுக்கோ."

மாஸ்டரம்மா அளவெடுப்பாள், கோட்டை உள்ளே தள்ளுவாள், சேமிப்பாள். உள்தையல் புடைத்துக்கொண்டு தெரியக் கூடாதென்று மிச்சத்தை ஒட்ட நறுக்கியும் விடுவாள். இப்படிப் பத்து தடவை.

மருந்து முடிந்தது. இனிப் பயமில்லை, உடம்பைத் தேற்றினால் போதும் என்றார் டாக்டர். ஆனால் அக்காவுக்குத்தான் எதிலும் பிடிப்பு விட்டுப்போனது. அளவு கொடுக்க வருவதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, "இனிமே என்னத்துக்கு, இருக்கிறது போதும்" என்பாள்.

குளிர் தொடங்கியபோது, அக்காவுக்குப் பழைய அளவிலேயே ஒரு கோட் தைத்துத் தரலாம் என்று மாஸ்டரம்மாவுக்குத் தோன்றியது. இரண்டு கைகளையும் காற்றில் விரித்துப் பார்த்தாள். இவ்வளவா? இன்னும் கொஞ்சமா? நாலு வருஷத்துக்கு முன் வந்துபோன பல் டாக்டரின் இடுப்பளவு அந்தக் கைகளுக்குத் தெரியும்; அக்காவின் மார்பளவு தெரியவில்லை. கோப்பைத் திறந்தாள். முப்பத்தொன்று. அக்காவின் அலமாரியில் இருந்த உடுப்பெல்லாம் முப்பத்தொன்று. கூடப் பிறந்தவள் எப்படி இருந்தாள் என்பதைத் தன் கையாலேயே நறுக்கிக் குப்பையில் போட்டாயிற்று. மாஸ்டரம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அந்த வாரமே தொண்ணூறு நாளும் முடிந்தது. எந்த மென்பொருளை நிரந்தரமாகப் போடுவது என்று கேட்க ரிப்பேர்காரர் வந்தார்.

"ஒண்ணு, தினமும் எல்லாத்தையும் முழுசா நகலெடுக்கும். மூணு மணி நேரம் இழுக்கும், மாஸ்டரம்மா."

"நான் துணி வெட்டுறதா, அதுக்குக் காவல் இருக்கிறதா?"

"சரி, இப்ப இருக்கிறதையே வச்சுக்கலாம். மாறுனதை மட்டும் எடுத்துத் தேதிவாரியாப் போட்டுக்கிட்டே போகும். டிரைவ்தான் சீக்கிரம் ரொம்பிடும். இன்னொண்ணு கண்ணாடி மாதிரி. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதான் டிரைவ்லயும். ஒண்ணு கூட இருக்காது, ஒண்ணு குறையாது."

"அதைப் போடுங்க தம்பி. குப்பை சேக்கிறது எனக்கு ஆகாது."

போட்டார். கடைசியாக ஒரு கேள்வி வரும், படித்துப் பார்த்து 'ஆம்' அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்கு ஓடினார். கேள்வி வந்தது. டிரைவைக் கம்ப்யூட்டரைப் போலவே ஆக்குவதற்கு அங்குள்ள கீழ்க்கண்ட கோப்புகள் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. இதையெல்லாம் படிக்கிற பொறுமை அவளுக்கு ஏது? விரல் 'ஆம்' பக்கம் போய்விட்டது. ஆனால் பட்டியல் அகர வரிசையில் இருந்தது. தலைமாட்டிலேயே அக்கா. அதற்குக் கீழே அக்கா. அதற்கும் கீழே அக்கா. பதினொரு அக்காக்கள், பதினொரு தேதிகள்.

கடைசித் தேதியைத் திறந்தாள். முப்பத்தொன்று. அதற்கு முந்தினதைத் திறந்தாள். கோடுகள் கொஞ்சம் விலகின. ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக, ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா தேறிக்கொண்டே வந்தாள். தோள் நிறைந்தது, இடுப்பு திரண்டது. அறையில் யாரோ வந்து நிற்பதுபோல் இருக்கவே மாஸ்டரம்மா திரும்பிக்கூடப் பார்த்தாள். முதல் நாள் எடுத்த நகலில் முப்பத்தெட்டு.

'இல்லை' என்பதை அழுத்திவிட்டு ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள்.

"கண்ணாடி வேணாம் தம்பி. பழசே இருக்கட்டும்."

"குப்பை சேருமே?"

"சேரட்டும்."

கரும்பச்சைக் கம்பளித் துணியில் நாலு நாள் தைத்து, அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். அக்கா படுக்கையிலிருந்து எழுந்து வந்து, கடனே என்று கோட்டை மாட்டிக்கொண்டாள். தோள் இரண்டும் சரிந்து தொங்கின. முன்பக்கம் இன்னொரு ஆள் புகலாம். அக்காவின் முகம் சுருங்கியது.

"உனக்கு என் அளவு மறந்துபோச்சா?"

"மறந்துதான் போச்சு. தேடி எடுத்தேன். இது உன் அளவுதான்."

அக்கா தொங்கிய துணியைக் கைநிறைய அள்ளிப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி அள்ளினாள்.

"இவ்வளவுமா நான்?"

"ஆமா, அவ்வளவும் நீதான்."

அக்கா குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு முழங்காலிட்டாள்.

"கழட்டாதே, இங்கேயே பிடிச்சுத் தந்துடறேன்."

அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேணாம். நானே இந்த அளவுக்கு வந்து சேந்துடறேன்."