காசிமேட்டில் ஒரு குலமகள் விசாரணை

போன வியாழக்கிழமை காலை, ஒரு பொய் சொல்வதற்காகக் காசிமேட்டுக்குப் போனேன். மீன் வாங்க வந்திருக்கிறோம் — இதுதான் பொய்.

கூட வந்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. மாத்தூரில் மளிகைக்கடை. நான் லாரி கிளீனராகச் சுற்றி, வேலை போய், படுக்க இடமில்லாமல் திரிந்தபோது ஆறு மாதம் தன் குடோனில் படுக்கவிட்டவர். அவருடைய மகன், கட்டினால் காசிமேட்டு ஸ்டெல்லாவைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அண்ணாச்சி ஒரே நிபந்தனை போட்டார்.

"நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாறவ குலமகளா இருக்கணும் வே. விசாரிச்சுட்டுத்தான் சரி சொல்லுவேன்."

குலமகள்! இந்த வார்த்தை காதில் விழுந்து எத்தனை வருஷம் ஆயிற்று? நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அகராதியைப் புரட்டினேன். நற்குலத்தில் பிறந்தவளாம். நற்குலம்? உயர்ந்த குலம். உயர்ந்த குலம்? மேன்மக்கள் பிறக்கும் குலம்... வழி தெரியாத ஆட்டோக்காரர் மாதிரி சுற்றோ சுற்றென்று சுற்றி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது.

சாதியைத்தான் நாசூக்காகக் கேட்கிறாரோ? கேட்டுவிட்டேன்.

"சேச்சே... குலம்னா குலம்லா வே" என்றார்.

அவருக்கும் தெரியவில்லை! தெரியாத ஒன்றை வைத்து ஒரு கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைப் பரப்பியிருந்தார்கள். எலிசா என்ற அக்காவின் முன்னால் நின்றோம். அண்ணாச்சி ஒரு வஞ்சிரத்தைக் காட்டி, "இது என்ன விலைம்மா? ஆமா... இங்க அந்தோணின்னு ஒரு லாஞ்சுக்காரரு..." என்று இழுத்தார். அந்தோணி, ஸ்டெல்லாவின் அப்பா; லாஞ்சு என்பது அவருடைய விசைப்படகு.

எலிசா அக்கா பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்துக் கத்தினார். "ஏய், அந்தோணி வூட்டுப் பொண்ண விசாரிக்க வந்துகீறாங்கடி!"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"செவுள தூக்கிப் பாக்காம எவன்பா மீன் வாங்குவான்? இன்னா தெரியணும், கேளு நைனா."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நல்ல குலமான்னு..."

"அது இன்னாது?"

"பிறப்பு, வம்சம், அந்த மாதிரி..." என்று நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"மீன்பிடித் தடை முடிஞ்சி மொத நாளு. ரெண்டு மாசமா அந்த நாளுக்குத்தான் எல்லாரும் குந்திகினு இருப்போம். அந்தோணி வலை வுட்டுகினு கீறாரு. தூரத்துல ஒரு லாஞ்சு இஞ்சின் நின்னு, காத்துல அடிச்சிகினு போவுது. வலைய அறுத்து வுட்டுட்டு, கயிறு கட்டி அத்த கரைக்கு இழுத்தாந்தாரு. மீனும் போச்சி, வலையும் போச்சி. அவங்கப்பாவும் அப்டித்தான். அந்த வூட்ல பொறந்தவன் கயிறு போடாம வரமாட்டான். எனக்குத் தெரிஞ்ச பொறப்பு இதான்."

"அது யாரு லாஞ்சு?"

"என் வூட்டுக்காரருது."

"அப்ப நீங்க அவங்களுக்கு வேண்டியவங்க..." அண்ணாச்சி சந்தேகமாகச் சிரித்தார்.

"யாரு, நானா? தண்ணி கொழாய் சண்டையில ரெண்டு வூட்டுக்கும் பேச்சே கெடையாது. அப்பவும் கெடையாது, இப்பவும் கெடையாது!"

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. "நறுக்கித் தாங்கம்மா" என்றார்.

நறுக்கிக்கொண்டே அக்கா நிமிர்ந்தார். "பொண்ணு வூட்லயும் உங்களாண்ட விசாரிக்க வருவாங்கல்ல நைனா? உங்க வூட்ல எவன் கயிறு போட்டான்?"

ஷேர் ஆட்டோ தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் அண்ணாச்சி மகனுக்கு போன் போட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்களை ஞாயித்துக்கிழமை நம்மளை விசாரிக்க வரச் சொல்லு" என்றார். போனைப் பையில் வைத்துவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வே... எங்க அப்பா யாருக்காவது ஏதாவது செஞ்சாருன்னு கேள்விப்பட்டிருக்கீரா?"

"அவரைத் தெரியாது அண்ணாச்சி. குடோன்ல ஆறு மாசம் படுத்தது தெரியும்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஞாயிறு காலை பெண் வீட்டார் வரும்போது, அவர்கள் விசாரிக்கத் தோதாகக் கடைக்கு எதிரே, தற்செயலாக நிற்பதுபோல நிற்கச் சொல்லியிருக்கிறார். நிற்பேன் — கேட்டால் குடோனைச் சொல்வேன், இந்த முறை பொய் சொல்ல வேண்டியதில்லை.