விளக்கைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

என் மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், செவிலிமேட்டு வீட்டுக்குள் முடி கருகும் வாசனை வரத் தொடங்கியது. அவள் படுத்திருந்த அறையில்தான் வந்தது, அதுவும் மாலையில் மட்டும். நோயில் கண் கூசுகிறது என்று அந்த அறை விளக்கைப் போடவே அவள் விட்டதில்லை. இப்போது பன்னிரண்டாவது படிக்கும் மகள் அங்கே மேசையைப் போட்டு, ஆறு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் நான். அந்த வாசனையைச் சுடுகாட்டிலேயே முகர்ந்திருந்தேன். அவள் போகவில்லை, காரியத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நடுங்கினேன். ஏதாவது தீய்கிறதா என்று மகள் ஒருநாள் கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். கோயில் கோயிலாகப் போனேனே தவிர, ஒருமுறை அண்ணாந்து பார்க்கவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், இருபது வருடமாகப் பட்டுக்கடையில் நான் செய்வதே இந்த வாசனையை முகர்ந்து பார்ப்பதுதான். சந்தேகப்படும் வாடிக்கையாளர் முன்னால் புடவை ஓரத்து இழையைக் கொளுத்தி நீட்டுவேன். முடி கருகினாற்போல நாறினால் அசல் பட்டு. கடையில் நொடியில் கண்டுபிடிக்கிற மூக்கு, வீட்டில் எங்கே போனதோ.

விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து விளக்கை இறக்கினார். கூடவே ஒரு பிடி பட்டு நூல் விழுந்தது. அரக்கு நிறம். அவள் கடைசியாக நெய்த புடவையின் கழிவு நூல், பாதி கருகியிருந்தது. துளையைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள், விளக்கைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி, அதன் வழியே படுக்கையில் தூசி கொட்டுகிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! நான் ஆகட்டும் ஆகட்டும் என்றே ஓட்டினேன். தறிக்காரி, கையில் இருந்ததை வைத்து அடைத்துவிட்டாள்.

ஒயர் இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது, சூடு வெளியேற வழியில்லை என்றார் அவர். இணைப்பை மாற்றினார். துளையோரத்தில் ஜிப்சம் பலகைத் துண்டு பொருத்தி, டேப் ஒட்டி, மாவு குழைத்துப் பூசினார். காய்ந்த பிறகு சரியான அளவுக்கு வெட்டி விளக்கை ஏற்றலாம், மேலே எதையும் திணிக்கக் கூடாது என்றார். கருகிய நூலைக் காலால் ஓரம் தள்ளினார்.

"யார் சார் இந்த வேல பார்த்தது? கீழ பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. பத்திக்கினு இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"நான்தான்பா," என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

அவர் போனதும் மகள் குனிந்து நூலைப் பொறுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா ஏறி அடைச்சப்போ நான்தான்பா ஸ்டூல புடிச்சிக்கினு இருந்தேன். அப்பாகிட்ட சொல்லாத, செய்யலியேன்னு அது மனசு கஷ்டப்படும்னு சொல்லிச்சி."